எதிராளிக்கு ஒரு பத்தி

அந்த குமாஸ்தா எங்கள் மனுவை முதல் தாளிலிருந்து படிக்கவில்லை. நேராகக் கடைசித் தாளைப் புரட்டினார். கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

புத்தூர் பயணியர் பங்களா வராந்தா, காலை வெயில். எல்லையை விசாரிக்க வந்திருந்த அதிகாரியின் ஆட்கள் ஒரு மேஜையைப் போட்டு மனு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தனி ஆந்திரம் உண்டாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போவது, எந்த ஊர் ஆந்திரத்திலேயே இருப்பது என்று ஊர் ஊராகக் கேட்டு வந்த சமயம் அது. பங்களா வாசலில் நின்ற வண்டிகளில் பாதியில் தமிழ்க் கோஷம், பாதியில் தெலுங்குக் கோஷம். மாடுகள் மட்டும் கட்சி பார்க்காமல் பக்கத்து வண்டி வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன.

குமாஸ்தா மனுவின் முதல் வரியை உரக்கப் படித்தார். “எங்கள் ஊரில் உள்ளோர் அனைவரும் தமிழரே. தமிழன்றி வேறு மொழி அறியோம்.”

படித்துவிட்டுக் கடைசித் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கைநாட்டுகள் போக, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டிருந்த அத்தனையும் தெலுங்கு எழுத்து. தமிழில் போட்டவர்கள் மூன்றே பேர். முதல் கையெழுத்து என் மாமனார் கோவிந்தசாமியுடையது, ஜாங்கிரி பிழிந்ததுபோல் நல்ல உருண்டைத் தெலுங்கில். இரண்டாவது என்னுடையது. அதுவும் தெலுங்குதான்.

“இத வாங்கி வச்சுக்கட்டுமா, எடுத்துக்கினு போறீங்களா?” என்றார் குமாஸ்தா. “நாலு நாள் இங்கதான் இருப்போம்.”

நல்ல மனுஷன். நாங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த மனுவை எழுதியவன் நான் என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

வாயில் தமிழ், கையில் தெலுங்கு

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கூத்தை எழுதியதை யாரோ படித்துக் காட்டக் கேட்டுவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் அவளுடைய அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். எத்தனை நாள் பேசமாட்டாள் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது. பேரைச் சொன்னால் சண்டைக்கு வரக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் சொல்லவில்லை. வீட்டில் பேசுவது தமிழ், திட்டுவது தமிழ், கோயிலில் கூத்து தமிழ். ஆனால் பள்ளிக்கூடம் தெலுங்கு. அதனால் எங்கள் வாய் தமிழாகவும் கை தெலுங்காகவும் இருந்தது. இதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரிந்ததில்லை. தெலுங்கில் கையெழுத்துப் போட்டு ‘நாங்கள் தமிழர்’ என்று மனுக் கொடுப்பது எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

நான் தமிழ் எழுதக் கற்றது அரக்கோணத்தில். அங்கே ஒரு வக்கீலிடம் சில காலம் குமாஸ்தாவாக இருந்தேன். திரும்பி வந்து புத்தூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, தமிழிலும் தெலுங்கிலும் மனு எழுதிப் பிழைத்தேன். நன்றாகவே பிழைத்தேன். என் மனுவுக்கு ஒரு மரியாதை இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் போராடி ஒரு தமிழ் வகுப்பு வாங்கியிருந்தோம். ஒரே வாத்தியார், பாதி அறை, ஒரு அலமாரி. அந்த வாத்தியாரை மாற்றப்போகிறார்கள், வகுப்பை மூடப்போகிறார்கள் என்று சித்தூரிலிருந்து பேச்சு வந்தது. என் மகள் கமலாவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வருஷம்தான் அந்த வகுப்பில் சேர்த்திருந்தேன்.

கமலா தமிழ் படிக்க வேண்டும் என்பதில் என்னைவிட என் மனைவிக்குத்தான் பிடிவாதம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரக்கோணத்தில் இருக்கும் அவளுடைய அக்கா மாதம் ஒரு கடுதாசி போடுவாள். நான்தான் படித்துக் காட்டுவேன். நடுநடுவே விட்டுவிட்டுப் படிக்கிறேன் என்று என் மனைவிக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்.

ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டால் வகுப்பு தப்பிக்கும். போகாவிட்டால் கமலாவின் கையும் எங்கள் கை மாதிரிதான் ஆகும். அந்த மனுவுக்கு இருந்த கனம் இவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

டீக்கடை கற்றுத் தந்தது

இங்கே ஒரு டீக்கடைக் கதை சொல்லியாக வேண்டும்.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஏழுமலை என்பவர் டீக்கடை வைத்திருந்தார். கடை வழியை அடைக்கிறது என்று கட்டுப்போடுகிறவர் புகார் கொடுத்து, அதை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. என்னிடம் வந்தார். கடையின் சுத்தம், டீயின் மணம், கை கால் உடைந்து வருபவர்களுக்கு அவர் செய்யும் தொண்டு எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதினேன். படித்தால் அவருக்குச் சிலை வைக்கத் தோன்றும். மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்தது. ஏழுமலை என்னைப் பேசியதை எழுத முடியாது.

மறுநாள் நானே போய் அந்தக் கடை வாசலில் நின்றேன். கால் உடைந்த ஒரு ஆளை வண்டியில் கொண்டு வந்தார்கள். ஏழுமலையின் பெஞ்சு குறுக்கே இருந்ததால் வண்டி திரும்ப முடியவில்லை. அந்த ஆள் வலியில் துடித்தான். எதிராளி சொன்னது முழுக்க நிஜம்.

இரண்டாவது மனுவை இப்படித் தொடங்கினேன்: “என் கடை பெஞ்சினால் நோயாளிகளின் வண்டிக்கு வழி தடைபடுகிறது. இது உண்மை.” பெஞ்சை எடுத்துவிடுவதாகவும், நின்றுகொண்டு குடிப்பவர்களுக்கு மட்டும் டீ கொடுப்பதாகவும் எழுதினேன். அரைப்பக்கம்கூட இல்லை. கடை தங்கியது.

அதிகாரியின் மேஜையில் எதிராளியின் காகிதம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அது இல்லாமல் போய்விடுவதில்லை. நம்மிடம் பதில் இல்லை என்றுதான் ஆகும். இன்னொன்று, எதிராளி பேச்சை எழுதும்போது அவன் சொன்னதைவிட நன்றாக எழுத வேண்டும். அதைச் சோப்ளாங்கியாக எழுதி ஒரே அடியில் வீழ்த்திக் காட்டுவது வைக்கோல் கன்றைக் காட்டிப் பால் கறக்கிற வேலை. அதிகாரி பசுமாடு இல்லை.

இவ்வளவு தெரிந்தவன் சொந்த ஊர் மனுவில் ஏன் மூக்கறுபட்டேன்? அடுத்தவன் மனு என்றால் கண் தெரிகிறது. சொந்த ஊர் என்றதும் மேடைப் பேச்சு வந்துவிடுகிறது. பக்கத்தில் மாமனார் உட்கார்ந்து அடி எடுத்து வேறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஒரு வழக்கு

திரும்பி வரும் வழியிலேயே மாமனாரிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை எதிர்வாதத்தையும் நாமே எழுத வேண்டும் என்று.

“மாப்ள, எதிராளி பேசறத நாமளே எழுதிக் குடுத்துட்டா அவனுக்கு இன்னா வேலை? துன்னுட்டு ஊட்ல தூங்குவானா?” என்றார்.

நான் வாதாடவில்லை. வண்டியிலேயே பென்சிலால் எழுதிப் படித்துக் காட்டினேன்: “நாங்கள் தெலுங்கில் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆகவே நாங்கள் தெலுங்கர் என்று சொல்லலாம். எங்கள் மொழியில் எங்கள் பெயரை எழுத எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இந்தக் கையெழுத்துகளே எங்கள் முறையீடு.”

மாமனார் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்காகத் துடைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

இதில் ஒரு சங்கடம். இப்போது எல்லோரும் தெலுங்கில் கையெழுத்துப் போட்டால்தான் மனு நிற்கும். தமிழில் எழுதத் தெரிந்த அந்த மூன்று பேரும், ஊரிலேயே தமிழ் படித்தவர்களான எங்களைத் தெலுங்கில் போடச் சொல்வதா என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களைக் கீழே தனியாகத் தமிழிலேயே போட விட்டுச் சமாளித்தேன்.

ஆனால் ‘அனைவரும் தமிழரே’ என்ற வரி இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அது பொய். ஏரிக்கரைப் பக்கம் ஏழு வீடுகள் தெலுங்குக்காரர்கள். அதைவிட மோசம், அவர்களுடைய கைநாட்டும் முதல் மனுவில் இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஊர்க் காகிதம் என்றால் திரௌபதி அம்மன் கோயிலில் கூடும்போது வீட்டுக்கு ஒரு கைநாட்டு வைக்க வேண்டும். என்ன காகிதம் என்று கேட்பது மரியாதைக் குறைவு. அவர்கள் மரியாதையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மங்கம்மாக்கா கேட்டது

அந்த ஏழு வீட்டில் வாயுள்ள வீடு மங்கம்மாக்காவின் வீடு. புருஷன் போனபின் தனியாக வேர்க்கடலை பயிர் செய்து வந்தாள். அவளுடைய மகள் லட்சுமியும் என் கமலாவும் எந்நேரமும் ஒன்றாகத்தான் திரிவார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்களோடு பேசுவது எங்களைப் போலவே தமிழ்.

நான் போனபோது அவள் காயக் கிடந்த கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் வைத்த கைநாட்டு எதற்கு என்று சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிளறுவதையும் நிறுத்தவில்லை.

“உம் பொண்ணு தமிழ் படிக்கணும்னு ஊரையே அந்தப் பக்கம் தூக்கினு போறீங்க,” என்றாள். “போனா லட்சுமி எங்க படிப்பா? இங்க நீங்க படற பாட்ட அங்க நாங்க படணும். நீ எழுதின குறையெல்லாம் அப்படியே எங்களுதா ஆயிடும். அதுக்கு உன் காகிதத்துல இன்னா பதில் எழுதிக்கிற?”

பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். அந்தக் கேள்விக்கு அங்கே நின்று யோசித்தேன், வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன், பதில் வரவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது. எங்கள் நியாயத்தைத் திருப்பிப் போட்டால் அதுவே அவளுடைய நியாயம்.

மறுபடி போய், நீ சொன்னதை அப்படியே எழுதட்டுமா அக்கா என்று கேட்டேன்.

“எழுது. மாத்தி எழுதினா உடமாட்டேன். எனக்கும் ஒரு நகல் குடு, புத்தூர்ல வேற ஆளு கையில குடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பேன்.”

எழுதினேன். அவளுடைய கேள்வியை அவள் கேட்ட சூட்டோடு எழுதினேன். அதற்கு வாதம் செய்ய ஒன்றும் இல்லாததால் வாக்கு எழுதினேன்: “எங்கள் ஊர் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும், சிறுபான்மையாக உள்ள மொழிக்காரரின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் வகுப்பும் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்று ஊரார் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். அந்த ஆசிரியருக்கு வீடு கொடுப்பது ஊரின் பொறுப்பு.”

கோயிலில் இதைப் படித்ததும் ரகளை ஆகிவிட்டது. ‘எந்த ராஜ்யத்தில் இருந்தாலும்’ என்பது எதற்கு, நாம்தான் மெட்ராஸ் போகிறோமே என்றார் மாமனார். அது வக்கீல் ஆபீஸ் பழக்கத்தில் வந்து விழுந்த சொல். எடுத்திருந்தால் எடுத்திருக்கலாம். நான் எழுதியதில் ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன் என்கிற வீம்பில் விட்டுவிட்டேன்.

“நீ யாரு பக்கம் மாப்ள?” என்று சபையில் வைத்துக் கேட்டார்.

“ஜெயிக்கிற பக்கம் மாமா,” என்றேன்.

மங்கம்மாக்கா தன் பத்திக்கு அடியில், அங்கே மட்டும், கைநாட்டு வைத்தாள்.

நாலாம் நாள்

குமாஸ்தா இந்தத் தடவையும் கடைசித் தாளைத்தான் முதலில் பார்த்தார். உதட்டில் சிரிப்பு வந்தது. பிறகு முதல் தாளுக்குப் போனார். கையெழுத்துப் பத்தியைப் படித்ததும் சிரிப்பைக் காணவில்லை. எழுந்து மனுவை உள்ளே எடுத்துப் போனார்.

சற்று நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தப் பெண் நிஜமாக இருக்கிறாளா?

மங்கம்மாக்கா எங்கள் வண்டியில்தான் வந்திருந்தாள். முன்னால் வந்து நின்றாள். உன் கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லிவிட்டார்களா என்று கேட்டார் அதிகாரி.

“பதில் சொல்லல,” என்றாள். “வாக்கு குடுத்திருக்காங்க. அதுக்கு இது தேவலாம்.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் மாமனார் என் முதுகில் தட்டிய தட்டில் இருமல் வந்தது. ஊர் சென்னைக்குப் போய்விட்டால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருப்பதி மலையேறுவதாக அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டார். அப்புறம் திருப்பதி வேறு ராஜ்யத்தில் இருக்குமே மாமா என்றேன். பெருமாளுக்கு ராஜ்யம் ஏது என்றார்.

கோடு விழுந்த இடம்

சில காலம் கழித்து எல்லைக்கோடு விழுந்தது. எங்களுக்குத் தெற்கே சில மைல் தள்ளி விழுந்தது. நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்தோம்.

நான் தோற்றேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. எல்லைக்கோடு ஒரு மனுவைப் பார்த்துப் போடப்படுவது இல்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்கு அது தெரிய வேண்டியதில்லை. எதிராளிக்கு எழுதிக் கொடுத்து ஊரைக் கவிழ்த்துவிட்டான் என்றார்கள். மாமனார் என் வீட்டு வழியாகப் போகும்போது துண்டை மறுதோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிகவும் வலித்தது.

அதோடு விடவில்லை. தமிழ் வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. வகுப்பை மூடிவிட்டார்கள். கமலா உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்தில் காலை வைத்திருந்தாள். பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டு, நைனா, மீதி எழுத்தெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். தாலுகா ஆபீசுக்கு எதிரே என் மேஜை முன்னால் மங்கம்மாக்கா வந்து நின்றாள். கையில் மடித்து மடித்து நைந்துபோன அந்த நகல். அவளுடைய பத்தியை விரலால் தொட்டுக் காட்டினாள். படிக்கத் தெரியாதவள் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாளோ, சரியாகக் காட்டினாள்.

“எந்த ராஜ்யத்துல இருந்தாலும்னுதான எழுதிக்கிற? இப்ப இந்த ராஜ்யத்துல இருக்கோம். ஊர்ல நாங்க கொஞ்சம், ராஜ்யத்துல நீங்க கொஞ்சம். அன்னைக்கு நீங்க எனக்குக் குடுத்த வாக்க இன்னைக்கு நாங்க உங்களுக்குக் குடுக்கறோம். பேர மட்டும் மாத்து. தெலுங்குல எழுது. மொத கைநாட்டு என்னுது.”

நான் குனிந்து மேஜையில் வெள்ளைத் தாளைத் தேடினேன். கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாது என்பதற்காக. அவள் பார்த்துவிட்டாள், தாளை எடுத்து நீட்டினாள்.

ஏழு வீட்டுத் தெலுங்குக்காரர்கள் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்கிற மனு. அதிலும் ஒரு எதிர்வாதம் எழுதினேன்: “இவ்வூர்த் தமிழர் தெலுங்கில் கையெழுத்திடுகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் எதற்கு என்று கேட்கலாம்.” பதிலை மங்கம்மாக்காவே சொன்னாள். ஊர் மெட்ராஸுக்குப் போயிருந்தால் லட்சுமி தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பாள், அதற்காக என்னோடு தமிழிலா அழுவாள் என்றாள். அதை அப்படியே போட்டேன்.

சித்தூர் ஆபீசுக்கு இருவருமாக ரயிலும் பஸ்ஸுமாகப் போனோம். அங்கே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, உங்களுக்கு இதில் என்ன லாபம் என்று அவளைக் கேட்டார். நாளைக்கு எல்லைக்கோடு நகர்ந்தால் என்று அவள் ஆரம்பித்தாள். அவர் கையமர்த்திவிட்டுச் சிரித்தார்.

வகுப்பு திரும்பி வந்தது. புது வாத்தியார் வந்தார். அவருக்கு வீடு கொடுத்தது மாமனார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, மாப்ள, மாட்டுச் சந்தைக்கு வர்றியா என்று ஒரு நாள் கேட்டார். எனக்கு அது போதும். ஊருக்காக வேண்டியதை வகுப்புக்காகச் செலுத்துகிறேன் என்று அலிபிரியிலிருந்து மலையேறினார். மங்கம்மாக்கா குடும்பமும் கூட ஏறியது.

அக்காவின் கடுதாசி

அதற்கு அடுத்த வருஷம் அரக்கோணத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. நான் கை நீட்டுவதற்குள் என் மனைவி அதை வாங்கிக் கமலாவிடம் கொடுத்துவிட்டாள். கமலா விரலை வரிக்கு அடியில் வைத்து எழுத்துக்கூட்டினாள். நலம், நலமறிய ஆவல், மழை, மாடு கன்று போட்டது. எல்லாம் சரியாகப் போயிற்று. நான் விட்டுவிட்டுப் படிக்கும் இடம் வந்தது.

“உன்... வீட்டுக்காரர்... எதிராளிக்கு... எழுதிக் கொடுத்து... ஊரையே... கவிழ்த்து... விட்டார் என்று... இங்கே கூட... பேசுகிறார்கள். இதற்கு... அவர்... என்ன... பதில்... சொல்கிறார்?”

கோடு விழுந்ததிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த வரி அது. எதிராளி பேச்சை முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டில் அதை முழுங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை.

“அக்கா கேக்குதே. இன்னா பதில் எழுதப் போற?”

“நான் எழுதல,” என்றேன். “கமலா எழுதட்டும். அதுதான் பதில்.”

கமலா பலகையைத் தேடி உள்ளே ஓடினாள். பலகையில் எழுதித் தபாலில் போட முடியாது என்று அவளுக்கு நாங்கள் அப்புறம்தான் சொன்னோம்.